மன்னார்க் கரையின் நினைவுச் சின்னங்களும் அவற்றின் சமூகப் பின்னணியும்

விடுமுறைக் காலத்தில் மன்னாருக்குச் செல்லும் பயணிக்கு அங்கு காட்டப்படும் இடங்கள் பெரும்பாலும் முன்கூட்டியே வகுக்கப்பட்டவை. பெருநிலத்தையும் தீவையும் இணைக்கும் தாம்போதியைக் கடந்ததும் கோட்டை. அடுத்துப் பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரம். தீவின் மறுமுனையிலே தலைமன்னார் இறங்குதுறை. திரும்பும் வழியிற் திருக்கேதீச்சரம். நேரமிருப்பின் தெற்கே அரிப்புக் கடற்கரையிலுள்ள 'டொறிக்' மாளிகையின் இடிபாடுகள். இவற்றை நாமும் இதே ஒழுங்கிற் பலமுறை பார்த்திருக்கின்றோம். பார்த்து முடித்தபின் ஒவ்வொரு முறையும் எம்முன் எழுந்த வினா ஒன்றே. இச்சின்னங்களை எழுப்புவித்தோரின் பெயர்களை நாம் அறிவோம்; ஆண்டுகளையும் அறிவோம். ஆனால் இக்கரையில் வாழ்ந்து, மூழ்கி, சுமந்து, நடந்து மாண்ட மக்களுக்கு இவ்வரிசையில் இடம் எங்கே?

இவ்வினாவுக்கு முழுமையான விடை காண்பது ஒரு கட்டுரையால் ஆகக்கூடியதன்று. ஆயினும், கிடைக்கும் சான்றுகளைக் கொண்டு ஓரளவு நோக்க முயல்வோம்.

மன்னார்க் கோட்டையை 1560 ஆம் ஆண்டிற் போத்துக்கேயர் கட்டினர். கோவாவிலிருந்து வந்த அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிறகன்சா யாழ்ப்பாண அரசின்மீது மேற்கொண்ட படையெடுப்பு எண்ணிய பலனைத் தரவில்லை. அதன் ஈடாக அவர் கைப்பற்றி வைத்துக்கொண்டதே மன்னார். எதிர்க்கரையிலிருந்த புன்னைக்காயற் குடியிருப்பினரில் ஒரு பகுதியினரும் இங்கே பெயர்க்கப்பட்டனர். 1658 இல் ஒல்லாந்தர் கோட்டையைக் கைப்பற்றி, 1696 அளவிற் திருத்திக் கட்டினர். 1795 இல் ஆங்கிலேயரிடம் அது சரணடைந்தது. நான்கு கொத்தளங்களும் அகழியும் கொண்ட இச்சதுரக் கோட்டையிற் பயணி காண்பது பெரும்பாலும் ஒல்லாந்தர் திருத்தியமைத்த வடிவத்தையே. திருக்கேதீச்சரக் கோயிலின் கற்கள் இதற்குப் பயன்பட்டன என்பது நெடுங்கால மரபு.

ஆனால் கோட்டைக்கு முந்திய 16 ஆண்டுகளை ஒதுக்கிவிட்டு இக்கோட்டையை விளங்கிக்கொள்ள முடியாது. 1530களில் முத்துக்குளித்துறையின் பரதவர் கூட்டங்கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினர். மதமாற்றத்திற்கு மதக் காரணங்கள் மட்டும் இருந்தன என எவரும் இன்று கூறார். முத்து வணிகத்தையும் கடன் வலையையும் தம் கையில் வைத்திருந்த வணிகரிடமிருந்தும், வரி கேட்டு நெருக்கிய ஆட்சியாளரிடமிருந்தும் விடுபடக் கடலில் வல்லமை பெற்றிருந்த போத்துக்கேயரின் அடைக்கலம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. அதே வழியை மன்னார்க் கரையினரும் நாடினர். சவேரியார் 1544 இல் ஒரு குருவை இங்கு அனுப்பினார். அவ்வாண்டின் பிற்பகுதியில் யாழ்ப்பாண மன்னன் முதலாஞ் சங்கிலி படையுடன் வந்து, மதம் மாறியோரைக் கொன்றான். கொல்லப்பட்டோர் அறுநூறு பேரளவினர் என்று திருச்சபை மரபு கூறுகின்றது. தோட்டவெளியில் அவர்களின் நினைவாக வேதசாட்சிகளின் ஆலயம் உள்ளது.

சங்கிலியின் நோக்கிலிருந்து பார்த்தால் இது குடிமக்கள் தம் விசுவாசத்தை அந்நியனுக்கு மாற்றிய செயல். முத்து வருவாயும் கடற்கரையும் கைநழுவும் ஆபத்து. கொல்லப்பட்டோர் பக்கமிருந்து பார்த்தால் தம்மை ஒடுக்கியவரிடமிருந்து வெளியேறுவதற்குக் கண்ட ஒரே வழி. யாழ்ப்பாணத்திலே முத்திரைச் சந்தியிற் சங்கிலியன் பெயரால் ஒரு சிலை நிற்கின்றது. 1974 இல் நிறுவப்பட்டு 2011 இற் புதுப்பிக்கப்பட்டது. மக்கள் மனத்தில் 1565 இல் மறைந்த முதலாஞ் சங்கிலியும், 1619 இற் போத்துக்கேயரிடம் அரசை இழந்த இரண்டாஞ் சங்கிலியும் ஒருவராகவே கலந்துவிட்டனர். அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்த வீரன் என்ற படிமத்திற்கு இக்கலப்பு வசதியானது. ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் இடைவெளியில் ஒரே மொழி பேசும் மக்களிடையே ஒரே பெயர் ஓரிடத்திற் சிலையாகவும் மற்றோரிடத்திற் கொலையாளியாகவும் நிற்பதை எம் வரலாற்று நூல்கள் நேர்நின்று ஆராயத் தயங்கியே வந்துள்ளன. அரசனின் இறைமையை மட்டும் அளவுகோலாகக் கொண்ட வரலாற்றெழுத்து மீனவரின் தெரிவைத் துரோகம் என்ற சொல்லுக்கு அப்பாற் பார்க்க இயலாதது.

கோட்டையிலிருந்து நடந்து செல்லக்கூடிய தூரத்தில், நகரின் நுழைவாயிலில், பயணிகளுக்கு எவரும் காட்டாத ஓரிடம் உண்டு. 2018 இல் அங்கே சதொச விற்பனை நிலையத்திற்காக நிலம் அகழப்பட்டபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் மாதக்கணக்காக நடந்த அகழ்வில் முந்நூறுக்கு மேற்பட்டோரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அவருட் சிறுவர்களும் இருந்தனர். போர்க்காலத்திற் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் அக்குழியின் ஓரத்தில் வந்து நின்றனர். 2013 டிசெம்பரிற் திருக்கேதீச்சரத்திற்கு அருகே நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரு புதைகுழி வெளிப்பட்டதை அவர்கள் ஏற்கெனவே அறிந்தவர்கள். 2019 மார்ச்சில், அமெரிக்காவின் புளோரிடாவிலுள்ள ஆய்வுகூடம் ஒன்று, அனுப்பப்பட்ட ஆறு மாதிரிகளையும் காபன் முறையாற் காலங்கணித்து, அவை ஏறக்குறைய 1404 முதல் 1635 வரையான காலத்துக்குரியவை என அறிவித்தது. உறவினர் பலர் அம்முடிவை ஏற்கவில்லை. முந்நூறு எலும்புக்கூடுகளுக்கு ஆறு மாதிரிகள் போதுமா என்று அவர்கள் கேட்டனர். அது நியாயமான கேள்வி.

நாம் இங்கு வேறொன்றையும் குறிப்பிட வேண்டியுள்ளது. கால முடிவு வெளிவந்தவுடன் இவ்விடயம் பலருக்கு முடிந்துபோன விடயமாகிவிட்டது. எலும்புகள் 'பழையவை' என்பதே போதுமான விடையாயிற்று. ஆனால் அந்தக் கால எல்லையை ஏற்றுக்கொண்டாலும் வினா ஒழிவதில்லை. அது நீதிமன்றத்திலிருந்து வரலாற்றாசிரியரின் மேசைக்கு இடம்மாறுகின்றது. ஒரே இடத்தில், ஒழுங்கான சவ அடக்கத்தின் அமைதியின்றி இத்தனை பேர் எவ்வாறு மண்ணுட் சென்றனர்? கொள்ளைநோயா, பஞ்சமா, போரா? 1404 முதல் 1635 வரையான எல்லை யாழ்ப்பாண அரசின் காலத்தையும் போத்துக்கேயர் ஆட்சியையும் ஒருங்கே உள்ளடக்குவது. 1544 ஆம் ஆண்டும் அதற்குள்ளேயே அடங்குகின்றது. ஆயினும் அவ்வாண்டின் கொலைகளுடன் இவ்வெலும்புகளைப் பொருத்திவிட எம்மிடம் ஆதாரமில்லை. பொருத்திப்பார்க்கும் ஆசையை அடக்குவதே ஆய்வாளர் கடமை. கோட்டையின் கல் ஒன்றுக்கு நாம் காட்டும் அக்கறையை இந்த எலும்புகளுக்குக் காட்டவில்லை என்பது மட்டும் தெளிவு.

இனி மாதோட்டத்திற்கு வருவோம். பெருநிலத்தில், மன்னார் நகரிலிருந்து பத்துக் கிலோமீற்றர் அளவிலுள்ள இப்பண்டைத் துறைமுகம் பாளி நூல்களில் மகாதித்த எனப்படுவது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் இங்குள்ளது. சங்கப் பாடல்களில் வரும் மாந்தையை இத்தலத்துடன் ஒன்றாகக் கருதி எழுதியோர் எம்மிடையே உளர். அப்பாடல்களில் மாந்தை சேரருக்குரிய துறையாகவே வருவதால் அக்கருத்து வலுவுடையதன்று. உரிமை நாட்டும் ஆர்வம் சான்றை முந்திக்கொண்டமைக்கு இது ஓர் எடுத்துக்காட்டு. மறுபுறத்தில், இவ்வூரைத் தமக்கே உரிய பௌத்தத் தலமாகக் கொள்வோர், விசயனுக்கு மணமகளாகப் பாண்டிநாட்டிலிருந்து வந்த அரசகுமாரியுடன் பதினெண் தொழிற்குழுக்களைச் சேர்ந்த ஆயிரம் குடும்பங்களும் மகாதித்தவில் வந்திறங்கியதாக மகாவம்சமே கூறுவதை விரைந்து கடந்துவிடுவர். கதை வரலாறோ அன்றோ, அதை எழுதிய துறவிக்கு அத்துறைமுகம் கடல்கடந்து கைவினைஞர் வந்திறங்கும் இடமாகத் தோன்றியமை கவனிக்கத்தக்கது.

அகழ்வாய்வு கூறுவதும் இதற்கு இயைந்ததே. 1887 இல் போக், 1920களில் ஹோக்கார்ட், 1950களின் தொடக்கத்திற் சண்முகநாதன் என்போர் இங்கு ஆய்ந்தனர். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையில் நடந்த விரிவான அகழ்வு போர்ச்சூழலால் இடைநின்றது. அதன் அறிக்கை நூலாக வெளிவந்தது 2013 இல். முப்பதாண்டுத் தாமதம் என்பது ஆய்வாளர் சோம்பலின் கணக்கன்று. இந்நாட்டின் வரலாறு அவர்களின் அகழ்குழிகளுட் புகுந்ததன் கணக்கு. சீன, மேற்காசிய மட்பாண்டங்கள் இங்கு பெருந்தொகையாகக் கிடைத்தன. போருக்குப் பின் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் மீண்டும் நடந்த அகழ்வில் மிளகும், கி.பி. 900 - 1100 காலத்துக்குரிய ஒரு கராம்பும் கண்டெடுக்கப்பட்டமை 2018 இல் வெளியிடப்பட்டது. கராம்பு அக்காலத்தில் விளைந்தது மலுக்குத் தீவுகளில். கடல்வழியாக ஏழாயிரம் கிலோமீற்றர் கடந்து வந்த ஒரு சிறு மொட்டு அது. எந்த அரசனின் மெய்க்கீர்த்தியையும்விட மாதோட்டத்தின் இயல்பை இது கூடுதலாகச் சொல்கின்றது.

சோழர் காலத்தில் இவ்வூர் இராசராசபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. சோழமண்டலத்திலிருந்து வந்த தாழி குமரன் என்பவன் இங்கு இராசராச ஈச்சரத்தை எடுப்பித்ததைக் கூறும் தமிழ்ச் சாசனத்தில் ஈழம் முழுவதும் மும்முடிச் சோழமண்டலமாகப் பெயர் பெறுகின்றது. அச்சாசனத்தைப் பார்க்க விரும்புவோர் மன்னாருக்குச் செல்வதிற் பயனில்லை. 1877 இற் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலைக்குச் செல்லவேண்டும். அங்கே அது பாதுகாப்பாக உள்ளது என்பதை மறுக்கவில்லை. ஆயினும் மாதோட்டத்தின் பாடசாலை மாணவன் தன் ஊரின் சாசனத்தைக் காண நாட்டின் பாதித் தூரம் பயணஞ் செய்ய நேர்வதற்கு, எல்லா அரும்பொருட்களும் தலைநகரிற் குவியவேண்டும் என்ற காலனித்துவ ஏற்பாடு சுதந்திரத்தின் பின்னும் மாறாது நின்றமையே காரணம்.

கோயிலின் பிற்கால வரலாறு பலராலும் எழுதப்பட்டது. 1872 இல் ஆறுமுக நாவலர் விடுத்த வேண்டுகோள், 1903 இல் எழுந்த சிறு கோயில், 1948 இல் தொடங்கிய திருப்பணிச் சபை, 1976 குடமுழுக்கு, போர்க்காலத்தில் இராணுவம் அங்கு நிலைகொண்டமை, 2022 இற் கருங்கற் கோயிலின் குடமுழுக்கு என்பன அதன் கட்டங்கள். 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முந்திய நாளில், கோயிலுக்குச் செல்லும் பாதையில் அமைக்கப்பட்ட அலங்கார வளைவு அருகிலுள்ள தேவாலயத்தைச் சேர்ந்த சிலராற் பிடுங்கப்பட்டது. 1544 இன் எதிரொலி என்று சிலர் இதனை எழுதினர். அத்தகைய எளிய விளக்கங்களை நாம் ஐயத்துடனேயே நோக்குகின்றோம். போரில் ஒன்றாக இடம்பெயர்ந்த இரு சமயத்தவர், போரின் பின் காணி உறுதிகளையும் வளைவுகளையும் முன்வைத்து மோதுவதற்கான காரணங்களைப் பதினாறாம் நூற்றாண்டிற் தேடுவதைவிடத் தற்காலத்திற் தேடுவதே பொருத்தமானது.

அரிப்பிலுள்ள மாளிகை முற்றிலும் வேறு வகையான சின்னம். ஆங்கிலேய ஆள்பதி பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத் தனக்கென 1801 - 1804 காலத்திற் கட்டுவித்தது இது. கிரேக்கத் தூண் முறையைப் பின்பற்றியமையால் 'டொறிக்' எனப்பட்டது. சுற்றிலும் முட்புதரும் மணலும் உள்ள வெறும் கரையில், ஆண்டிற் சில வாரங்கள் மட்டும் தங்குவதற்கெனக் கிரேக்கக் கோயிலை ஒத்த ஒரு வீட்டைக் கட்டும் துணிவு எங்கிருந்து வந்தது? கடலுக்கடியிலிருந்த சிப்பிப் பார்களிலிருந்தே. சுவர்களுக்குப் பூசப்பட்ட பளபளப்பான சாந்துங்கூடச் சுட்ட சிப்பியிலிருந்து எடுத்த சுண்ணாம்பு. கடலரிப்பினாற் கட்டடத்தின் பெரும்பகுதி இன்று விழுந்துவிட்டது. அயலிலுள்ள மக்கள் இதனை அல்லிராணி கோட்டை என்கின்றனர். ஆள்பதியின் பெயரை மறந்து அவ்விடத்திற் கூத்திலும் கதையிலும் வாழ்ந்த அரசியொருத்தியை மக்கள் குடியேற்றிவிட்டது ஒருவகையில் நியாயமான தீர்ப்பே. சற்று அப்பாலுள்ள ஒல்லாந்தர் கோட்டைக்கே, கண்டியிலிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் 1679 ஒக்டோபரில் வந்து சேர்ந்தான்.

முத்துக்குளிப்பின் உற்பத்தி முறையைச் சிறிது விரிவாக நோக்குதல் தகும். பார்களை அரசு ஆய்ந்து, சிப்பி முதிர்ந்ததெனக் கண்டால் குளிப்பை அறிவிக்கும். தமிழகத்துப் பரதவர், கீழக்கரை முதலிய ஊர்களின் முஸ்லிம்கள், பாரசீக வளைகுடாவின் அராபியர் எனக் குளியாட்கள் வருவர். குளியாள் கல்லைக் காலிற் பற்றி இறங்குவான். மேலே கயிறு பிடிப்பவன் அவன் உயிரைத் தன் கையில் வைத்திருப்பான். சுறாவை மந்திரத்தாற் கட்டுவதாக நம்பப்பட்ட கடல்கட்டிக்கும் பங்கு உண்டு. அறிவியலில் நம்பிக்கை கொண்ட ஆங்கிலேய நிர்வாகமும் அவனுக்கு ஊதியம் கொடுத்தே வந்தது. அவனின்றிக் குளியாட்கள் கடலில் இறங்கமாட்டார்கள். கொண்டுவந்த சிப்பி கொட்டுகளில் எண்ணப்பட்டு மூன்று கூறாக்கப்படும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு கூறு அரசுக்கு, ஒரு கூறு குளியாளுக்கு. அரசு தன் பங்கை ஏலமிட்டு அன்றே பணமாக்கிவிடும். சிப்பிக்குள் முத்து இருக்குமா இல்லையா என்ற சூதின் இழப்பு வாங்கியவனைச் சேரும். மூச்சு அடங்குவதன் இழப்பு மூழ்கியவனைச் சேரும். அரசுக்கு எந்த இழப்பும் இல்லை.

1796 முதல் 1798 வரை தொடர்ந்து மூன்றாண்டுகள் ஆங்கிலேயர் குளிப்பு நடத்திப் பார்களை வறளச் செய்தனர். நோர்த் மாளிகை கட்டிய காலத்தில் வருவாய் ஏற்கெனவே குன்றியிருந்தது. 1837 க்குப் பின் 1855 வரை குளிப்பே இல்லை. 1905 இல் வந்ததே மிகப் பெரியது: ஏறக்குறைய 5,000 குளியாட்கள், எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பி, அரசுக்கு இருபத்தைந்து இலட்சம் ரூபா. இவ்வெற்றியைக் கண்டு 1906 இல் இலண்டன் கம்பனி ஒன்றுக்குப் பார்கள் இருபதாண்டுக் குத்தகைக்குக் கொடுக்கப்பட்டன. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபா. 1907 க்குப் பின் பார்கள் கைவிரித்தன, கம்பனியும் முடங்கியது. 1906 குளிப்பின்போது மரிச்சுக்கட்டியில் அரச அலுவலராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப் பிற்காலத்தில், 1961 இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் அம்முகாமின் காட்சியை விட்டுச் சென்றுள்ளார். குளியாட்கள் எவரும் தன்வரலாறு எழுதவில்லை.

அரிப்பு, சிலாவத்துறை, மரிச்சுக்கட்டி என்னும் அவ்வூர்களைச் சார்ந்த முசலிப் பகுதியும், தீவிலுள்ள எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் முஸ்லிம் மக்கள் செறிந்து வாழ்ந்த இடங்கள். மன்னாரின் முஸ்லிம் வரலாற்றுக்குப் பயணிக்குக் காட்டப்படும் ஒரே சின்னம் பள்ளிமுனைப் பெருக்கமரம். ஆபிரிக்காவுக்குரிய இம்மரத்தை அராபிய வணிகர் நட்டனர் என்பர்; சுற்றளவு பத்தொன்பது மீற்றருக்கு மேல். மரத்தைப் படமெடுத்துக்கொண்டு செல்பவர்க்கு, அம்மரபோடு தம்மை இணைத்து எண்ணிய மக்கள் 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டதைச் சொல்ல அங்கு எதுவுமில்லை. வெளியேற்றப்பட்டோர் எழுபதினாயிரத்துக்கு மேற்பட்டோர். மன்னார்த் தீவிலிருந்து பலர் கடல்வழியாகக் கற்பிட்டிக்குச் சென்றனர். இருபதாண்டுகளுக்கு மேலாகப் புத்தளத்தின் முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. போத்துக்கேயரையும் ஒல்லாந்தரையும் பற்றி எழுதும்போது எமக்கு எழும் தார்மிகச் சினம், எமது மொழியில் எமது பெயரால் எமது அயலவர்க்கு இழைக்கப்பட்டதைப் பற்றி எழுதும்போது ஏன் தணிந்துவிடுகின்றது என்று தமிழ் ஆய்வாளர் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். அம்மக்கள் ஒக்டோபர் இறுதியை ஆண்டுதோறும் நினைவுகூருகின்றனர்; எமது ஆய்விதழ்களில் அத்திகதி அரிதாகவே இடம்பெற்றது.

இறுதியாகத் தலைமன்னார். 1914 இல் புகையிரதப் பாதையும் தனுஷ்கோடிக்கான கப்பற் சேவையும் தொடங்கின. 1964 டிசெம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தபின் கப்பல் இராமேஸ்வரத்திற்கு ஓடியது. 1984 இல் அதுவும் நின்றது. புகையிரதம் மட்டும் 2015 மார்ச்சில் மீண்டும் தலைமன்னார் வந்து சேர்ந்தது. இறங்குதுறையின் எஞ்சிய பகுதியில் நின்று கடலைப் பார்ப்பது பயணிகளின் வழக்கம்.

கப்பலுக்கும் புகையிரதத்திற்கும் முன், கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில், இக்கரையிற் தோணிகளில் வந்திறங்கியோர் கால்நடையாகவே சென்றனர். தலைமன்னாரிலும் அரிப்பிலும் அயற்கரைகளிலும் இறங்கி, நீரற்ற காடுகளினூடாக மாத்தளை வரை ஏறக்குறைய நூற்றைம்பது மைல் நடந்தனர். வாந்திபேதியாலும் பசியாலும் வழியில் மாண்டோர் பல்லாயிரவர். சரியான தொகையில் ஆய்வாளரிடையே இணக்கமில்லை. எண்ணி வைக்கவேண்டிய தேவை அன்றைய தோட்டத்துரைமாருக்கு இருக்கவில்லை. எஞ்சியோரின் சந்ததியினர் 1948 இன் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராயினர். 1964 ஒக்டோபரிற் செய்யப்பட்ட சிறிமா - சாஸ்திரி உடன்படிக்கை அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. அனுப்பப்பட்டோர் இதே துறையிலிருந்தே கப்பலேறினர். முத்துச்சிப்பியைக் கூறாக்கிய கொட்டுகளின் நினைவு எமக்கு ஈண்டு எழாமலில்லை.

2023 இல், மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததையொட்டி, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரில் ஒரு நடைபயணம் இடம்பெற்றது. ஜூலை 28 அன்று தலைமன்னாரிலிருந்து புறப்பட்டோர் ஓகஸ்ட் 12 அன்று மாத்தளையை அடைந்தனர். நடந்தோரிற் பலர் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகள். வழியில் வடக்கின் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களுடன் இணைந்து நடந்தனர். அம்மக்களின் தொழிற்கருவிகளையும் வீட்டுப் பாவனைப் பொருட்களையும் காட்டும் அருங்காட்சியகம் கம்பளைக்கு அண்மையில், தோட்டமொன்றின் பழைய லயன் அறைகளில் 2007 முதல் உள்ளது. தலைமன்னாரில் இறங்கியோர் கையிற் கொண்டுவந்தவை எத்தகையன என்று அறிய விரும்பும் மன்னார்ப் பயணியும் அங்கேதான் செல்லவேண்டும். மாத்தளை வரை அவர்கள் நடந்த வழியே சென்று, அதற்கப்பாலும் மலையேற வேண்டும்.